அடியில் முளைத்த கொப்புகள்

ஈர மரத்தூளின் மணம் எங்கே வந்தாலும் எனக்குச் சிட்னியில் எங்கள் டூங்கபி வீட்டின் பின்வளவு நினைவுக்கு வந்துவிடும். நான் நாலாம் வகுப்புப் படித்த குளிர்காலத்தில், வேரைச் சுற்றி மரத்தூள் வைத்துப் பிளாஸ்டிக் பையால் கட்டிய ஒரு மொட்டைத் தடியை அப்பா காரிலிருந்து இறக்கினார். உச்சியில் மட்டும் சில மெல்லிய கொப்புகள் கீழ்நோக்கித் தொங்கின. செரி மரம் என்றார். பழம் வருமா என்று கேட்டேன். "இது பூவுக்கு மட்டும்" என்று சொன்னவர், என்னைப் பார்க்காமல் குசினி யன்னலைப் பார்த்தார்.

யன்னலுக்குப் பின்னால், அடுப்படியில் அம்மா நின்றிருந்தார். எனக்கு ஒரு தம்பி பிறக்கப்போகிறான் என்று சொல்லியிருந்தார்கள். பிறந்தான், ஆனால் உயிரோடு பிறக்கவில்லை. அப்பாவும் இரண்டு அங்கிள்மாரும் போய் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். பார்க்க வந்த அன்ரிமார் "இன்னும் வயசிருக்குத்தானே" என்று சொல்லி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகு வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆறுதல் சொல்லத் தெரியாத அப்பா நர்சரிக்குப் போய் மரம் வாங்கிவந்திருந்தார்.

நட்ட அன்று அம்மா வெளியே வரவில்லை. சில நாள் கழித்து வெளியே வந்தவர், மரத்தை ஊன்றுதடியோடு சேர்த்து அப்பா இறுக்கிக் கட்டியிருந்த நைலோன் கயிற்றை அவிழ்த்துவிட்டு, பழைய காலுறை ஒன்றைக் கிழித்துத் தளர்த்திக் கட்டினார். "பட்டை அறுந்து போகுமெல்லே" என்றார், யாரிடமும் சொல்வதுபோல் இல்லாமல். அன்றிலிருந்து மரம் அவருடையதாயிற்று. தோட்டத்துக்குக் குழாய்த் தண்ணீர் பிடிக்கத் தடை இருந்த காலம் அது. அரிசி கழுவிய தண்ணீரையும் நான் குளித்த தண்ணீரையும் வாளியில் சேர்த்து ஊற்றினார். அனல் காற்று அடித்து இலை விளிம்பெல்லாம் கருகிய நாட்களில், உடுப்புக் கொடியை இழுத்துக் கட்டி அதில் ஈரப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டு நிழல் கொடுத்தார். செப்டெம்பரில் ரோஸ் நிறப் பூக்கள் தொங்கும்போது அதனடியில் கதிரை போட்டு உட்காருவார்.

சில வருடங்களில் தண்டின் நடுவிலிருந்து புதிய கொப்புகள் கிளம்பி, நேராக மேலே, மிக வேகமாக வளர்ந்தன. அம்மாவுக்குச் சந்தோஷம். பக்கத்து வீட்டு பெவ் அன்ரி வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, இது ஒட்டுமரம், வேறொரு செரித் தண்டின் உச்சியில் ஒட்டியது, ஒட்டிய இடத்துக்குக் கீழே வருவதை வெட்டாவிட்டால் மேலே தொங்குவது பட்டுப்போகும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"வளருறதை ஆரும் வெட்டுவினமோ?" என்றார் அம்மா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா கத்தரியோடு போனபோது அம்மா மரத்தை மறித்துக்கொண்டு நின்றார். "இஞ்சாருங்கோ, அதில கை வைக்காதேங்கோ."

"மேல இருக்கிறது செத்துப்போகும்" என்றார் அப்பா.

அந்தச் சொல் எங்கள் வீட்டில் அதுவரை வாய்விட்டுச் சொல்லப்படாதது. அப்பா கத்தரியைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த வசந்தத்தில் நேர்க் கொப்புகளெல்லாம் சின்னச் சின்ன வெள்ளைப் பூக்களாய்ப் பூத்தன. தொங்கும் கொப்புகளில் ஒன்றே ஒன்றில்தான் ரோஸ் பூ இருந்தது. அம்மா மற்றொன்றைத் தொட்டார். அது ஈர்க்குப்போல முறிந்தது. முறிந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டே, "பிள்ளை, அப்பாட்டக் கத்தரியை வாங்கிக்கொண்டு வா" என்றார். அப்பா தானே கொண்டுவந்து கொடுத்தார். பூத்திருந்த கொப்புகளை அப்பா பிடிக்க, அம்மா ஒவ்வொன்றாகத் தண்டோடு ஒட்ட வெட்டினார். கடைசிக் கொப்பு விழுந்ததும் புல்லில் அப்படியே இருந்து, நான் அதுவரை கேட்டிராத குரலில் அழுதார்.

"அவனுக்கு நான் ஒரு பேர்கூட வைக்கேல்லை."

அப்பா பக்கத்தில் இருந்தார். "நான் வைச்சனான்."

அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"ஆஸ்பத்திரியில பேர் கேட்டவை. கதிரவன் எண்டு சொன்னனான்."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"உமக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியேல்லை."

அம்மா அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தார், மெதுவாக, பிறகு இன்னொரு முறை. அன்று இரவுச் சாப்பாட்டில் இரண்டு பேரும் தம்பியைப் பற்றிப் பேசினார்கள். மூக்கு அப்பாவினுடையதாம், தலைமயிர் நிறைய இருந்ததாம். எனக்கு அதெல்லாம் புதுச் செய்தி.

மரம் பிழைத்துக்கொண்டது, பல வருடம் ரோஸ் நிறத்தில் பூத்தது. அப்பா காலமான பின் வீட்டை விற்றோம். வாங்கியவர்கள் இடித்து, சுவரோடு சுவராக இரண்டு மாடி வீடுகள் இரண்டு கட்டிவிட்டார்கள். வளவு இருந்த இடத்தில் சீமெந்துத் தரை. பெவ் அன்ரியின் வேலியும் இல்லை, பெவ் அன்ரியும் இல்லை. அம்மா இப்போது மெல்பனில் என்னோடு இருக்கிறார். போன மாதம் கேரம் டவுன்ஸ் கோயிலுக்கு அழைத்துப் போனேன். அர்ச்சனைக்குப் பெயர் கேட்ட ஐயரிடம் என் பெயரைச் சொன்னார். தொடர்ந்து, கதிரவன், சித்திரை நட்சத்திரம் என்றார், ஒரு தயக்கமும் இல்லாமல். ஐயர் இளம் வயதுக்காரர், பேச்சுக்காகக் கேட்டார், "மகன் இங்கேதான் இருக்காரா, அம்மா?"

"இல்லை ஐயா" என்றார் அம்மா. "அவர் சிட்னியில."