பிரேக்கம்மாவும் கிளம்பாத காரும்

பிரேக்கம்மா என்பது, அவரிடம் கார் ஓட்டக் கற்க வந்தவர்கள் இட்ட பெயர். பெற்றோர் சூட்டிய பெயர் வீட்டுப் பத்திரங்களில் மட்டும் உறங்கிக்கொண்டிருக்க, ஊருக்கெல்லாம் அவர் பிரேக்கம்மாதான். அவருடைய பழைய நீலக் காரில் பிரேக் இரண்டு: ஒன்று கற்பவர் காலடியில், மற்றொன்று பக்கத்து இருக்கையில், இவர் காலடியில். ஆண்டுக்கணக்கில் அதன்மேலேயே ஊன்றிப் பழகிய பாதம், வீட்டில் சும்மா அமர்ந்திருக்கும்போதும், எவரேனும் வேகமாகப் பேசினால் தரையை ஒருமுறை அழுத்தும்.

“கல்யாணமான நாள்லேருந்து நான் வாயத் தொறந்தாலே அந்தக் காலு அழுத்தும்” என்பார் முன்னறையில் தையல் இயந்திரத்தோடு வாழும் கணவர்.

அத்தகையவரின் கார் அன்று காலை கிளம்ப மறுத்தது.

வேறொரு நாளாயிருந்தால் மாணவரைத் திருப்பி அனுப்பிவிட்டு நிதானமாகப் பார்த்திருப்பார். அன்றோ நாத்தனாருக்கு ஓட்டுநர் தேர்வு. தலையில் நரை தட்டிய பின்னும் அண்ணன் வீட்டில் அவள் ‘பாப்பா’தான். கணவனை இழந்து மாடியறைக்குக் குடிவந்தவளுக்கு, மழலையர் பள்ளி ஒன்று வேன் ஓட்டும் வேலையை வைத்துக்கொண்டு காத்திருந்தது. ஏற்கெனவே இருமுறை தோற்றிருந்தாள். இம்முறையும் தவறினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகப் பள்ளியில் சொல்லிவிட்டார்கள். இரவல் காரும் உதவாது. அவள் கால் இந்தக் காரின் கிளட்சை மட்டுமே அறியும்.

சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் ஊக்கத்தோடுதான் சுழன்றது. எஞ்சின் மட்டும் பற்றிக்கொள்ளவில்லை.

“அண்ணி, நேத்து கேட்டுல இடிக்கப் போனேனே, அதுல ஏதாவது உடைஞ்சிருக்குமோ?”

“இடிக்கவே இல்லையே. அதுக்குள்ளதான் நின்னுருச்சே.”

“நின்னுருச்சா? நான் எஞ்சினை நிறுத்திட்டேன்னு நீங்கதானே கத்தினீங்க! அது காலா, கட்டையான்னு கேட்டீங்களே.”

பிரேக்கம்மா பானட்டைத் திறந்தார். முந்தைய மாலை அச்சத்தில் வாய்தவறி வந்த சொல் அது. அதைக் கேட்டுத்தான் பாப்பா கார்க் கதவை ஓங்கி அறைந்துவிட்டு மாடியேறிப் போனாள். காரைக் கணவரும் தாமுமாகத் தள்ளி உள்ளே விட்டார்கள்.

சன்னலில் கணவரின் தலை தெரிந்தது. கழுத்தில் அளவு நாடா.

“பெட்ரோல் இருக்கா பாரு.”

“நீங்க ஊசியில நூல் இருக்கா பாருங்க.”

ஆயினும் பார்த்தார். கார்புரேட்டருக்குச் செல்லும் குழாயைக் கழற்ற, பெட்ரோல் பீச்சியடித்தது. பேட்டரியில் குறையில்லை, ஹாரன் தெருவையே எழுப்பியது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்து, வயரில் மாட்டி, எஞ்சினின் இரும்பின்மேல் கிடத்தினார்.

“திருப்பு பாப்பா.”

பிளக்கின் நுனியில் நீலப்பொறி துள்ளவேண்டும். துள்ளவில்லை. வயர்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். அவை வந்து சேரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து ஈரம் உண்டா என்று தடவினார். எல்லாம் காய்ந்து, ஒழுங்காக இருந்தது.

“பொறிக்குக் கரண்ட் தர்ற காயில் போயிடுச்சு போல. டாஷ்போர்டுல பழசு ஒண்ணு வச்சிருக்கேன்.”

“வேண்டாம் அண்ணி.” ஸ்டியரிங்கின்மேல் பாப்பாவின் தலை கவிழ்ந்திருந்தது. “காரே என்னை வேண்டாங்குது. நான் வரலை.”

பிரேக்கம்மா தம் இருக்கையில் வந்தமர்ந்தார். காலையிலிருந்து அவர் அந்த இடத்தில் அமரவே இல்லை. அமர்ந்ததும் பாதம் தன் பிரேக்கைத் தேடிச் சென்றது; கை தானாகவே டாஷ்போர்டின் அடியில் நுழைந்தது. விரல்கள் எதையோ தொட்டு அப்படியே நின்றன.

பழைய மேசைவிளக்கிலிருந்து எடுத்து அவரே பொருத்திய சிறு சுவிட்சு அது. பதறிய மாணவர் ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டால் பிரேக் மட்டும் போதாது. இதைக் கீழே தள்ளினால் காயிலுக்கு மின்சாரம் நின்று எஞ்சின் அணையும். தங்கள் கால் செய்த பிழையென்று மாணவர் நாணி நிற்க, இவர் சத்தமில்லாமல் அதை மேலே தள்ளி, ‘பரவாயில்ல, மறுபடி ஸ்டார்ட் பண்ணு’ என்பார். வீட்டவர்க்கும் தெரியாத கமுக்கம். நேற்று கீழே தள்ளியது கை. மேலே தள்ளுமுன் வந்தது சண்டை.

காயிலை மாற்றிவிட்டதாக ஒரு பொய் சொன்னால் போதும். சொல் நாக்கின் நுனிவரை வந்தது. கவிழ்ந்த அந்தத் தலையைப் பார்த்ததும் உள்ளே திரும்பிவிட்டது.

“பாப்பா, கையை இங்க குடு. இதைத் தொட்டுப் பாரு.”

“என்னது இது?”

“நேத்து நீ நிறுத்தல. நான்தான் நிறுத்தினேன்.”

பாப்பா நிமிர்ந்தாள்.

“மார்க்கெட் திருப்பத்துல நின்னுச்சே?”

“அதுவும் நான்தான்.”

“வேகத்தடையில?”

“அது நீயேதான். அந்தப் பழி எனக்கெதுக்கு?”

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது, அதனோடு கண்ணீரும் வந்தது. துடைத்துக்கொண்டு கேட்டாள்: “நேத்து நீங்க விட்டிருந்தா, நான் கேட்டைத் தாண்டியிருப்பேனா அண்ணி?”

பிரேக்கம்மா உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். “தெரியலம்மா. பாக்கவே விடலையே நான்.”

“அப்ப இப்ப பாருங்க. காலைத் தூக்கி மேல வைங்க.”

பிளக்கைத் திரும்ப மாட்டி, சுவிட்சை மேலே தள்ளி, பிரேக்கம்மா இருக்கையின்மேல் சம்மணமிட்டு அமர்ந்தார். கைகளைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டார். சாவி திரும்பியது. கார் இருமிற்று, சிலிர்த்தது, உறுமிற்று.

“ரெண்டு பக்கமும் ஒரு சாண் இருக்கு! பயப்படாம வா!” என்று வாயிலில் நாடாவை விரித்துக் கூவினார் தையற்காரர்.

பின்னோக்கி ஊர்ந்த கார் வாயில் தூண்களுக்கிடையே நுழைந்தது. மடித்த காலின் விரல்கள் புடவைக்குள் எதையோ அழுத்து அழுத்தென்று அழுத்தின. தூண்கள் இரண்டும் பக்கவாட்டில் மெல்ல நகர்ந்து, முன்கண்ணாடிக்கு அப்பால் நின்றன. கார் தெருவில் இருந்தது.

தேர்வுத் திடலிலும் அது எங்கும் அணையவில்லை; பாப்பா தேறினாள். திரும்பும் வழியிலும் பாப்பாதான் ஓட்டினாள். யாரும் சொல்லாமலேயே பிரேக்கம்மா கால்களை மறுபடி மடித்துக்கொண்டார். வாயிலைத் தாண்டி வீட்டு முன் வந்து நின்றபின், அவரால் இறங்க முடியவில்லை. இரண்டு கால்களும் மரத்துவிட்டிருந்தன.

அவருடைய ஒரு கையைத் தங்கையும் மறு கையைத் தாமுமாகப் பிடித்து இழுத்துக்கொண்டே, சுவிட்சின் கதை முழுவதையும் கேட்டறிந்த கணவர், சந்தேகத்தோடு இருக்கைக்கடியில் குனிந்து பார்த்தார்.

“ஏம்மா, உன்னை ஸ்டார்ட் பண்ண ஏதாவது சுவிட்சு வச்சிருக்கியா?”