பூவாடைக்காரிக்கு எடுத்த புடவை

மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் என் நாத்தனார் வந்தாள். செத்துப்போன என் மகளைப் பற்றித்தான் முதல் பேச்சு.

எங்கள் பக்கம் கல்யாணமாகாமல் செத்த பெண்ணைப் பூவாடைக்காரி என்பார்கள். வீட்டில் நல்ல காரியம் வந்தால் பம்பை அடித்து, ஏரிக்கரையிலிருந்து அவளை அழைத்து வரவேண்டும். பூ வைத்து, பெற்றவள் கையால் புதுப் புடவை வைத்துப் படைக்கவேண்டும்.

என் மகள் பத்தாவது படிக்கும்போது காய்ச்சலில் போனாள். ஜெபத்துக்கு என்னை முதலில் கூட்டிப்போனது அவள்தான். பொட்டு வைக்கமாட்டாள். பூ வைக்கமாட்டாள். அவளுக்கா பூ வைத்துப் படைப்பது?

"நான் வெக்கமாட்டேன் அண்ணி. சபையில அது கூடாது."

"உன் சபை உம் பொண்ண காப்பாத்திச்சா?"

மகள் சாவுக்கு வந்த சபை ஊழியக்காரர், எனக்கு விசுவாசம் பத்தவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அதை அவளிடம் நான் சொல்லவில்லை.

"பொடவ வெக்கலன்னா மணையாண்ட வந்து பெத்தவன்னு நிக்காதமே. நான் நின்னுக்கிறேன்."

வீட்டுக்காரர் பீடியை அணைத்தார். "ஒரு பொடவதானே. வெச்சுட்டுப் போயேன். இன்னா ஆயிடப் போவுது?"

மகன் தலை தூக்கவில்லை. "யம்மா, ஒரு நாளு. அப்பறம் நீ சர்ச்சுக்குப் போ, யாரு கேக்கப் போறா."

முகூர்த்தத்துக்கு முதல் நாள் ஏரிக்கரைக்குப் போனார்கள். நான் வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். பம்பைச் சத்தம் தெருவுக்குள் வந்தது. நாத்தனார் அருள் வந்து ஆடினாள். வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"யம்மா. எனுக்குப் பொடவ எங்கம்மா?"

வெற்றிலை போட்டுக் கரகரத்த குரல். நாத்தனார் குரல்தான். ஆனாலும் மகள் போனபின் பெண் குரலில் யாரும் என்னை அம்மா என்று கூப்பிட்டதில்லை.

ஏசுவே என்றேன். அதற்குமேல் ஜெபம் வரவில்லை. முறம் கையில் இருந்தது. நான் எழவில்லை. வீட்டுக்காரர்தான் புடவையை வைத்தார்.

"கல்லுமே நீ," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

கல்யாணத்தில் தாலித் தட்டை நாத்தனார் ஏந்தினாள். நான் அடுப்புப் பக்கம் இருந்தேன். மேளச் சத்தத்தை வைத்துத்தான் தாலி கட்டியாயிற்று என்று தெரிந்தது. சபையிலிருந்து ஒருவரும் வரவில்லை. பூவாடைக்காரியை அழைத்த வீட்டில் கை நனைக்கமாட்டார்களாம். நான் எழாமல் உட்கார்ந்திருந்ததைச் சபையில் யாரும் கேட்கவில்லை.

படைத்த புடவையை வீட்டுக்கு வந்த பெண் கட்டவேண்டும். அது வழக்கம். மருமகள் அதைக் கட்டிக்கொண்டு நடவுக்குப் போகிறாள். ஊதா நிறம். குனிந்து நிற்கும்போது பின்னாலிருந்து பார்த்தால் ஒரு நொடி என் மகள் மாதிரி இருக்கும். என் மகள் புடவை கட்டியதே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனதும் பள்ளிக்கூடத்து உடுப்பில்தான்.

நேற்று மழை பிடித்தது. அந்தப் புடவை கொடியில் கிடந்தது. மற்ற துணியை எல்லாம் எடுத்தேன். அதை எடுக்கவில்லை. கழனியிலிருந்து மருமகள் ஓடிவந்தாள்.

"இன்னா அத்த, கண்ணெதிர்ல நனையுது, எடுக்கக்கூடாதா? எம்மேல இன்னா கோவம் உனுக்கு?"

"உம்மேல ஒண்ணுமில்லம்மா. அதுல நான் கை வெக்கமாட்டேன்."

பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.