கூடுவாஞ்சேரியிலிருந்து முட்டுக்காடு வரை: பைக்கில் இரண்டு நாளும் ஒரு ‘ரைட்’டும்

பொங்கல் முடிந்த அடுத்த வாரம், சனி ஞாயிறு இரண்டு நாளும், நானும் என் மனைவி சுமதியும் பைக்கில் ஒரு வட்டம் அடித்துவிட்டு வந்தோம். கூடுவாஞ்சேரி, செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், முட்டுக்காடு, கேளம்பாக்கம், திரும்பவும் கூடுவாஞ்சேரி. ஊருக்குள் சுற்றியதையும் சேர்த்து 112 கிலோமீட்டர். இதற்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். லடாக் போனவர்கள் லடாக் பற்றி எழுதுவார்கள். எங்களுக்கு இந்த 112 கிலோமீட்டர் கிளம்பவே பதினோரு மாதம் ஆனது.

அந்தக் கதையைச் சொல்லாமல் வழியை மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும். சுமதியின் அப்பா பஸ் கண்டக்டராக முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டு வாசலில் இருந்து ஆட்டோ கிளம்பினால்கூட கையைத் தட்டி “ரைட்” கொடுப்பார். மகளுக்கும் அது ஒட்டிக்கொண்டது. என் வண்டியில் ஏறி, முந்தானையைச் சுருட்டி மடியில் வைத்து, பையைச் சரி செய்துகொண்டு, “ரைட்” என்பாள். அப்புறம்தான் நான் கிளம்ப வேண்டும். நிறுத்த வேண்டுமென்றால் “ஹோல்டான்”. கல்யாணமான புதிதில் சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், எனக்கு வெட்கமாக இருக்கும். ஆறு மாதத்தில் பழகிவிட்டது. அந்தச் சொல் காதில் விழுந்தால்தான் என் இடது கை கிளச்சை விடும்.

போன மாசி மாதம் ஒரு முகூர்த்தத்துக்குக் கிளம்பினோம். கூடுவாஞ்சேரி பஸ் நிறுத்தத்தில் பூ வாங்க இறங்கினாள். வாங்கிக்கொண்டு வந்து, ஒரு காலை மட்டும் மிதியில் வைத்திருந்தாள். பக்கத்தில் நின்ற பஸ்ஸின் கண்டக்டர் “ரைட் ரைட்” என்றார். நான் கிளச்சை விட்டுவிட்டேன். பஸ்ஸுக்குச் சொன்ன ரைட்டுக்கு நான் கிளம்பிப் போயிருக்கிறேன். சுமதி கீழே கிடந்தாள். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு.

அதைவிட மோசமானதை அதற்குப் பிறகு செய்தேன். ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த மாமனார் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“ரைட் குடுத்தாளா மாப்ள?”

“குடுத்தா மாமா” என்றேன்.

அவர் மகள் பக்கம் திரும்பி, “சரியா குந்தாம எவளாவது ரைட் குடுப்பாளா? அறிவு கீதா உனுக்கு?” என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி திட்டினார். சுமதி என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. கட்டுப் பிரித்த பிறகும் அவள் என் வண்டியில் ஏறவில்லை. கேட்டால் கை வலி என்பாள். வேலைக்கு ரயிலில் போனாள், கடைக்கு நடந்தாள். நானும் அந்தப் பொய்யைத் திருத்தவில்லை. எதிர்காலத்தில் எப்போதாவது சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடுவதில் நான் கெட்டிக்காரன்.

கல்யாண நாள் வந்தது. மாமல்லபுரம் போகலாமா என்று தயங்கிக்கொண்டே கேட்டேன்.

“எதுல?”

“பைக்குல.”

“போலாம்” என்றாள், உப்பு வாங்கி வரச் சொல்கிற மாதிரி.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மறைமலைநகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் நான் உற்பத்தித் திட்டப் பிரிவில் இருக்கிறேன். அதனால் பயணத்துக்கும் ஷிப்ட் அட்டவணை மாதிரி ஒரு தாள் தயாரித்தேன். எத்தனை மணிக்கு எங்கே, எத்தனை கிலோமீட்டர், எங்கே நாஸ்தா, எங்கே பெட்ரோல், எல்லாம் கட்டம் கட்டி. சுமதி அதைப் படித்துவிட்டு, “எல்லாம் கீது. கேளம்பாக்கம் வழியாத்தான் திரும்பி வர்றோம். எங்கப்பா வூடு மட்டும் காணோமே?” என்றாள். நேரம் பத்தாது என்று ஏதோ உளறினேன். அவள் தாளை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை 6.10க்குக் கிளம்பினோம். நூறு சிசி வண்டி, ஏழு வருடப் பழசு. முதல் நாளே மெக்கானிக்கிடம் காட்டி பின் டயருக்கு இரண்டு பேருக்கான காற்று, செயின் இறுக்கம், பிரேக் எல்லாம் பார்த்தாயிற்று. “மகாபலிபுரம் தானே அண்ணாத்த? இன்னாமோ இமயமலை போற மாதிரி செக் பண்றியே” என்று மெக்கானிக் கிண்டல் செய்தார். சுமதி இந்த முறை சுடிதார் போட்டு, இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தாள். நான் காத்திருந்தேன். பின்னாலிருந்து சத்தமே இல்லை.

“உக்காந்துட்டியா?”

“ம்.”

“நல்லா உக்காந்துட்டியா?”

“ம்.”

அந்த “ம்”மில் கிளம்பினோம். ஜி.எஸ்.டி. சாலையில் அந்த நேரத்தில் கம்பெனி பஸ்கள் ஓட ஆரம்பித்துவிடும், இடது ஓரமாகவே போவது நல்லது. நாற்பதுக்கு மேல் நான் முறுக்கவில்லை. சிங்கப்பெருமாள்கோயில் தாண்டி, கொளவாய் ஏரி பக்கம் வந்தபோது மணி 6.55. ஏரிமேல் பனி இன்னும் கலையவில்லை. பத்து நிமிடம் நின்று பார்த்தோம். திரும்ப ஏறும்போதும் “ம்” தான்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் 14 கிலோமீட்டர். இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இரண்டு பக்கமும் வயல், நடுநடுவே பாறைக் குன்றுகள், வண்டிகள் குறைவு. சங்குதீர்த்தக் குளத்தருகே ஒரு கடையில் இட்லி, பொங்கல், காபி, இரண்டு பேருக்கும் சேர்த்து 42 ரூபாய். மலையேற நினைப்பவர்கள் வெயில் ஏறுவதற்குள் ஏறிவிடுங்கள். நாங்கள் ஏறவில்லை. அங்கிருந்து மாமல்லபுரம் 15 கிலோமீட்டர், 9.20க்குப் போய்ச் சேர்ந்தோம்.

ஒத்தவாடைத் தெருவில் அறை 350 ரூபாய்க்குக் கிடைத்தது. 400 சொன்னார்கள், சுமதி பேசிக் குறைத்தாள். பகலில் ஐந்து ரதம், வெண்ணெய் உருண்டைப் பாறை. மாலை கடற்கரைக் கோயில். மற்ற ஜோடிகளைப் போல நாங்களும் பாறையைத் தாங்குகிற மாதிரி படம் எடுத்துக்கொண்டோம். அவள் தாங்கும்போது இடது கையை மட்டும் கீழே தொங்கவிட்டிருந்தாள். கேமராவில் அதைப் பார்த்தேன். அன்றே சொல்லியிருக்கலாம். “நண்டு வறுவல் நல்லா இருக்குல்ல” என்றுதான் வாயில் வந்தது.

ஞாயிறு காலை 8.40. அறையைக் காலி செய்துவிட்டு பஸ் நிலையத்துக்கு எதிரே தண்ணீர் பாட்டில் வாங்க நிறுத்தினேன். சுமதி இறங்கி வாங்கினாள். நான் வண்டியில் உட்கார்ந்தபடி முதல் கியர் போட்டு கிளச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் பாட்டிலைப் பைக்குள் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தாள். எதிரே ஒரு பஸ் ரிவர்ஸில் வந்து திரும்பியது. “போலாம் ரைட்!” என்றார் அதன் கண்டக்டர்.

என் கை விட்டுவிட்டது. வண்டி இரண்டடி துள்ளி நின்றுபோனது. சுமதி இன்னும் தரையில்தான் நின்றிருந்தாள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நான் ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். சாவியைத் திருப்பக்கூடத் தோன்றவில்லை. அவள் குனிந்து சாவியைத் திருப்பி எடுத்தாள்.

“எறங்குங்க. டீ குடிக்கலாம்.”

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, கிளாஸைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். “அன்னிக்கு நீ ரைட் குடுக்கல.”

“ம்.”

“ஆம்பளைக் குரல். நல்லாத்தான் காதுல விழுந்துச்சு. சரியா கேக்கலன்னு சொல்ல, அன்னிக்கு ஹெல்மெட்கூட இல்ல. உங்கப்பா கேட்டப்போ பயந்துட்டேன். உன் மேல போட்டுட்டேன் சுமதி. தப்பு.”

அவள் டீயை ஆற்றினாள். “தெரியுங்க. அப்பாவுக்கும் தெரியும். மறுநாளே கேட்டாரு, ‘நெசமா நீ குடுத்தியா?’ன்னு. இல்லன்னேன். ‘அப்ப நான் திட்டும்போது இன்னாத்துக்குக் கம்முனு கெடந்த?’ன்னாரு.”

“நீ இன்னா சொன்ன?”

“அவரே சொல்வாரு, நீ கேக்காதன்னேன்.” காலி கிளாஸை பெஞ்சில் வைத்தாள். “கை ஆறு வாரத்துல கூடிடுச்சுங்க. இதுக்குத்தான் பாத்துகினு இருந்தேன்.”

நான் அழுதேன். டீக்கடையில், காலை எட்டே முக்கால் மணிக்கு, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு ஆள் அழுவதைச் சுற்றுலா வந்த வெள்ளைக்காரர்கள் நின்று பார்த்தார்கள். சுமதி எனக்கு இன்னொரு டீ சொன்னாள்.

பிறகு தாளை எடுத்து, பேனா வாங்கி, கேளம்பாக்கம் என்று எழுதிய இடத்தில் ‘மாமா வீடு’ என்று சேர்த்தேன்.

மாமல்லபுரத்திலிருந்து முட்டுக்காடு 22 கிலோமீட்டர். இ.சி.ஆரில் பைக்குக்குச் சுங்கம் கிடையாது. கடல் எல்லா இடத்திலும் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். சவுக்குத் தோப்புகளுக்கு இடையே விட்டு விட்டுத்தான் தெரியும், ஆனால் உப்புக்காற்று வழியெல்லாம் கூட வரும். பக்கவாட்டுக் காற்று பலமாக இருந்தால் வேகத்தைக் குறையுங்கள். திருவிடந்தையில் பெருமாளைப் பார்த்தோம். கல்யாணம் ஆகாதவர்கள் மாலையோடு வரிசையில் நின்றார்கள். “நமக்கு ஆயிடுச்சு, நவுருங்க” என்றாள் சுமதி. முந்தின நாள் முழுதும் வராத கிண்டல் அது.

முட்டுக்காட்டில் மிதி படகு, அரை மணி நேரம் 60 ரூபாய். கழிமுகத்தில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. அவள் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மிதித்தாள். நான் மிதிப்பதாக நடித்தேன், அதையும் கண்டுபிடித்துவிட்டாள்.

கேளம்பாக்கத்தில் மாமனார் வீட்டுக்கு 2.30க்குப் போனோம். செருப்பைக் கழற்றியதும் சொல்லிவிட வேண்டும், உட்கார்ந்தால் தள்ளிப் போட்டுவிடுவேன் என்று எனக்கே தெரியும். நின்றபடியே சொன்னேன். “மாமா, அன்னிக்கு சுமதி ரைட் குடுக்கல. நான் பொய் சொன்னேன்.”

அவர் டிவியை அணைத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். “பஸ்ஸு ரைட்டுக்குப் போனீங்களா?”

“ஆமா மாமா.”

“நெனச்சேன்” என்றார். பிறகு மகள் பக்கம் திரும்பி, “உன்னிய வார்டுல அப்டி திட்டிட்டேனேம்மா” என்று அவள் இடது மணிக்கட்டைப் பிடித்துத் தடவினார். என்னிடம், “கையக் கழுவுங்க மாப்ள, சாப்புடலாம். மீன் கொயம்பு கீது” என்றார். அவ்வளவுதான். இதற்காகவா பதினோரு மாதம் பயந்தேன் என்று இருந்தது.

வெயில் தாழ்ந்ததும் கிளம்பினோம். மாமனார் வாசல்வரை வந்து நின்றார். நான் வண்டியை எடுத்து கியர் போட்டேன். சுமதி ஏறினாள். வழக்கப்படி மாமனார் கையைத் தூக்கினார், வாயையும் திறந்தார். சட்டென்று மூடிக்கொண்டார். தூக்கிய கையால் தலையைச் சொறிந்தபடி மகளைப் பார்த்தார். தெருவில் யாரோ ஹாரன் அடித்தார்கள். நான் கிளச்சை விடவில்லை.

பின்னால் பை சரியாகும் சத்தம் கேட்டது. துப்பட்டாவை முடிச்சுப் போட்டாள். இடது கையை என் தோளில் வைத்து, ஹெல்மெட் பக்கமாகக் குனிந்து சொன்னாள்.

“ரைட்.”

வண்டலூர் சாலை வழியாக வீடு வந்து சேர 50 நிமிடம் ஆனது.

நீங்களும் போவதாக இருந்தால், மார்கழி, தை, மாசி நல்ல மாதங்கள். இரண்டு நாளுக்கும் சேர்த்து பெட்ரோல் 120 ரூபாய்க்குள் முடிந்தது. மாமல்லபுரத்தில் சனிக்கிழமை பத்து மணிக்குமுன் போனால் அறை பேரம் பேசலாம். தனியாகப் போகிறவர்களுக்கு வேறு சொல்ல ஒன்றுமில்லை. ஜோடியாகப் போகிறவர்கள், பின்னால் உட்காருகிறவருடைய குரலைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதை எழுதி முடித்ததும் சுமதியிடம் படிக்கக் கொடுத்தேன். முழுதும் படித்துவிட்டு, “ஏரிக்கு டைம் போட்டுகீறீங்க, தண்ணி பாட்டிலுக்கு டைம் போட்டுகீறீங்க, நான் ரைட் குடுத்ததுக்கு டைம் எங்க?” என்றாள். அப்போது நான் மணி பார்க்கவில்லை என்றேன்.

“நான் பாத்தேன்” என்றாள். “அஞ்சு அம்பத்திரெண்டு.”