வாய்க்கால் கரையில் வலைத் தூளி

கல்யாணமான முதல் பொங்கலை நான் வயலில்தான் கொண்டாடினேன். மாமனார், மாமியார், என் கணவர், நான் என நாலு பேரும் அந்தச் சமயத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு வாய்க்கால் கரையில் குடியிருந்தோம். படுக்கத் தூளி, மேலே யூரியா சாக்குக் கூரை. அந்தத் தூளியையும் கூரையையும் தேர்ந்தெடுப்பதற்குள் நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

புகுந்த வீடு முத்துப்பேட்டைக்கு வடக்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை ஊர். மாமனார் குத்தகைக்கு உழுத நிலம் தஞ்சாவூரில் இருந்த ஒரு மிராசுதாருடையது. குத்தகைக்காரர் பெயரைச் சர்க்கார் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளலாம் என்று புதிய ஆட்சியில் சட்டம் வந்திருந்தது. பெயர் ஏறிவிட்டால் குத்தகைக்காரரை நிலத்தைவிட்டு லேசில் வெளியேற்ற முடியாது. மாமனார் மனுக் கொடுத்தார். அது தெரிந்த மறுவாரமே மிராசுதாரின் ஏஜெண்டு குடையும் கையுமாக வந்து வாசலில் நின்றார்.

"இந்த வெள்ளாமையோட நெலத்தை விட்டுடுங்க. அறுப்புக்கு நாங்களே ஆள் கொண்டாருவோம்" என்றார்.

"வெதச்சது நானு. அறுக்குறது நீங்களா?" என்று மாமனார் கேட்டார்.

"மொதலாளி சொன்னதைச் சொன்னேன். எங்கிட்ட ஏன் கோவிச்சுக்கிறீங்க?" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அது வெறும் மிரட்டல் இல்லை என்று எங்களுக்குத் தெரியும். பக்கத்து ஊர்களில் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கி, குத்தகைக்காரருக்குச் சேதி எட்டுவதற்குள் கதிரை அறுத்துப் போயிருந்தார்கள். பிறகு நிலம் யார் அனுபவத்தில் இருக்கிறது என்று வழக்கு நடக்கும்போது, அறுத்தவன்தான் சாட்சியோடு வந்து நிற்பான். சில ஊர்களில் அடிதடியாகி ஆஸ்பத்திரி வரை போயிருந்தது.

மாமனார் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மாமியார் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார்.

"நெலத்துல ஆள் இருந்தா எவன் வந்து அறுப்பான்? வீட்டுல ஒக்காந்து கவலைப்படுறதை வயல்ல ஒக்காந்து படுவோம். கெளம்புங்க."

கிளம்புவது என்று முடிவானது. எங்கே படுப்பது என்பதுதான் முடிவாகவில்லை. கடைமடையில் மார்கழி வரைக்கும் ஈரம் காயாது. வரப்பில் வைக்கோல் போட்டுப் படுத்தால் அடியிலிருந்து தண்ணீர் ஊறும். நெல்லுக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். என் கணவர் முதலில் கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டார். மாமனார் அதில் ஏறிப் படுத்தார். கட்டிலின் ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டும் மெல்ல மெல்லச் சேற்றுக்குள் இறங்கின. அவர் கண்ணை மூடிக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் உருண்டு வாய்க்காலுக்குள் போனார்.

அடுத்தது பரண் யோசனை. பரணுக்கு மூங்கில் வேண்டும். ஊரில் நல்ல மூங்கில் கொத்து ஒன்றே ஒன்றுதான், அதுவும் மிராசுதாருடையது.

"அவரு மூங்கிலை வெட்டி அவரு நெலத்துலயே பரண் கட்டுனா, திருட்டுக் கேசும் சேர்த்துப் போடுவாரு" என்றார் என் கணவர்.

அப்போது நான் வாயைத் திறந்தேன். புது மருமகள், அதுவரை நான் அதிகம் பேசியதில்லை. "தூளி கட்டலாமே, மாமா" என்றேன்.

மாமனார் என்னைப் பார்த்தார். "ஆட்டிவிட்டுத் தாலாட்டும் நீயே பாடிருவியாம்மா?"

கேலி செய்தாலும் மாமியார் விடவில்லை. தன் பழைய சேலை ஒன்றை எடுத்து, கரையில் நின்ற இரண்டு பூவரச மரங்களுக்கு நடுவே கட்டச் சொன்னார். தானே முதலில் உட்கார்ந்து பார்த்தார். சர்ரென்று ஒரு சத்தம். மாமியார் சேற்றில் உட்கார்ந்திருந்தார், சேலையின் இரண்டு பாதிகளும் இரண்டு மரங்களில் தொங்கின. நான் பயந்து ஓடினேன். அவர் சேற்றிலிருந்து எழுந்திருக்காமலே சிரித்துக்கொண்டிருந்தார். "யோசனை நல்லதுதான். துணிதான் சரியில்லை. வேற பாரு, பொண்ணு" என்றார். அவர் என்னைத் தன் கட்சியில் சேர்த்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

என் பிறந்த வீடு அதிராம்பட்டினத்துக்குப் பக்கத்தில். எதிர்வீட்டில் மீன்பிடிக் குடும்பம், அந்த வீட்டு அக்காவும் நானும் சேர்ந்து வளர்ந்தவர்கள். கிழிந்த வலைகளை அவர்கள் மரத்தில் கட்டி ஊஞ்சலாக்கி ஆடுவார்கள். மறுநாளே பஸ் ஏறி அக்காவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"வயலைக் காவல் காக்க வலையா? அங்க என்ன, கெண்டை புடிக்கப் போறீங்களா?" என்று சிரித்தாள். ஆனாலும் உள்ளே போய் இரண்டு வலைகளை இழுத்து வந்தாள். ஒன்று அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்த நைலான் வலை, மற்றது பழைய பருத்தி நூல் வலை. இரண்டையும் புன்னை மரத்தில் கட்டி, மாறி மாறிப் படுத்துப் பார்த்தோம். நைலான் வலை லேசு, நனைந்தாலும் சீக்கிரம் காயும், சுருட்டினால் ஒரு மஞ்சள் பையில் அடங்கும். ஆனால் எழுந்தபோது என் கை முழுக்கக் கட்டம் கட்டமாகத் தடம் பதிந்திருந்தது. பருத்தி வலை கனம், வலைக்கண் பெரிது, நூல் தடிமன், படுத்தால் மெத்தென்று இருந்தது. ஒரே குறை, ஊரில் உள்ள மீன் எல்லாம் அதற்குள்தான் குடியிருந்தது போல ஒரு வாடை. நான் பருத்தியைத் தேர்ந்தெடுத்தேன். அக்கா இன்னொரு பருத்தி வலையையும் சேர்த்துக் கொடுத்தாள். வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. காலை நீட்டிக்கொண்டு சொகுசாக வந்தேன்.

சீயக்காய் போட்டு நானும் மாமியாரும் வாய்க்காலில் அலசினோம். வாடை பாதி போனது. மீதி வாடைக்காக ஊர் நாய் ஒன்று எங்களோடேயே வந்து தங்கிவிட்டது. காவலுக்கு ஆச்சு என்று மாமியார் அதற்கும் சோறு வைத்தார்.

கட்டும்போதும் குழப்பம்தான். தென்னை மரத்தில் கட்டலாம் என்றார் என் கணவர். மட்டை விழுந்தால் மண்டை போகும் என்று மாமியார் தடுத்தார். மறுபடியும் பூவரசுக்கே வந்தோம். என் கணவர் கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டினார். மாமனார் ஏறினார், வலை ஒரு சுற்றுச் சுற்றி அவரைக் கவிழ்த்தது.

"வில்லு மாதிரி இழுத்துக் கட்டுனா ஆளை அம்பாட்டம் எறிஞ்சிடுதேடா!" என்று கீழே கிடந்தபடி கத்தினார்.

தொய்வாகக் கட்டிப் பார்த்தோம், சரியாக வந்தது. நேராகப் படுத்தால் முதுகு வளைகிறது, குறுக்காகச் சாய்ந்து படுத்தால் முதுகு சமமாகிறது என்பதை மாமனார் தானே கண்டுபிடித்தார். கண்டுபிடித்த பிறகு அவரை இறக்குவது கஷ்டமாகிவிட்டது. அடியில் காற்று குளிரும் என்பதால் சாக்கில் வைக்கோல் அடைத்து விரித்தோம். இரண்டு தூளிகள், ஒன்று ஆண்களுக்கு, ஒன்று பெண்களுக்கு. ஒருவர் படுத்தால் மற்றவர் உட்கார்ந்திருப்பார். புதுசாகக் கல்யாணமானவள் மாமியாரோடு ஒரு தூளியைப் பங்கு போட்டுக்கொண்டதை ஊர்ப் பெண்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

கூரைக்குத்தான் பெரிய சண்டை. என் கணவர் ஆளுங்கட்சிக்காரர். கட்சிக் கூட்டத்துக்குப் போடும் தார்ப்பாயைக் கேட்டு வாங்கி வந்தார். அதன் நடுவில் ஆளுயரத்துக்குக் கட்சிச் சின்னம். மாமனாரோ சிவப்புக் கொடி விவசாய சங்கத்துக்காரர்.

"இதுக்கு அடியில நான் படுக்க மாட்டேன். மழையில நனைஞ்சாலும் பரவாயில்லை."

"சட்டம் போட்டது எங்க ஆட்சிதானேப்பா?"

"போட வச்சது நாங்க. தெருத்தெருவா எத்தனை ஊர்வலம் போயிருக்கோம் தெரியுமா ஒனக்கு?"

"அப்ப ஒங்க சங்கத்துலேருந்து ஒரு கூரை வாங்கிட்டு வாங்க பாப்போம்!"

மாமியார் இரண்டு பேரையும் பார்த்தார். தார்ப்பாயைச் சுருட்டி மகன் தலையில் ஏற்றி, கொடுத்த இடத்திலேயே கொடுத்துவிட்டு வரச் சொன்னார். பிறகு பெண்கள் இரண்டு பேரும் யூரியா சாக்குகளைப் பிரித்து, கோணி ஊசியால் ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தோம். தூளிக்கு மேலே மரத்துக்கு மரம் கயிறு கட்டி, அதன்மேல் சாக்கை இரண்டு பக்கமும் சரிவாக இறக்கி, மூலைகளை முளை அடித்து இழுத்தோம். பனி விழுந்தாலும் உள்ளே இறங்கவில்லை. முதல் தூறலில்தான் ஒரு விஷயம் தெரிந்தது. மரத்தில் வழிந்த தண்ணீர் தூளிக் கயிறு வழியாகவே நடந்து வந்து வலையை நனைத்தது. தூளிக்குச் சற்று முன்னால் கயிற்றில் ஒரு கந்தலைக் கட்டித் தொங்கவிட்டேன். தண்ணீர் அந்தக் கந்தலில் இறங்கிச் சொட்டியது. மாமனார் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "கேலி பண்ணுனதை வாபஸ் வாங்கிக்கிறேம்மா" என்றார்.

பொங்கல் பானையை வரப்பிலேயே வைத்தோம். ஊரே வந்து சாப்பிட்டுப் போனது.

பொங்கல் முடிந்த வாரம் ஒரு மத்தியானம், தூரத்து ரோட்டில் லாரி வந்து நின்றது. மாமனார் அரிவாளைப் பார்த்தார், மாமியார் அதை எடுத்துத் தன் காலடியில் போட்டுக்கொண்டார். ஏஜெண்டு மட்டும் குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்து வந்தார். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. தை மாதத்தில் அப்படியொரு மழையை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. காற்றில் அவர் குடை புரண்டு மேல்நோக்கி விரிந்துகொண்டது. அவர் வரப்பில் வழுக்கி எழுந்து, மறுபடியும் வழுக்கினார்.

"ஏங்க, அங்க ஏன் நிக்கிறீங்க? உள்ள வாங்க" என்று மாமியார் கூப்பிட்டார்.

வேறு போக்கிடம் இல்லை. வந்தார். உட்காரக் காய்ந்த இடம் தூளி ஒன்றுதான். தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். நான் கருப்பட்டிக் காப்பி கொடுத்தேன். காப்பியைக் குடித்துக்கொண்டே மேலே கூரையையும் கீழே அடுப்பையும் பார்த்தார்.

"எத்தனை நாளா இப்படி இருக்கீங்க?"

"கதிர் முத்துனதுலேருந்து" என்றார் மாமனார்.

லாரியில் வந்த பெண்களும் மழைக்கு ஒதுங்கி ஓடி வந்தார்கள், இடுப்பில் அரிவாளோடு. அவர்களில் மூத்தவள் எங்கள் பானையையும் படுக்கையையும் பார்த்தாள்.

"அறுப்புன்னுதானே கூட்டியாந்தீங்க? குடியிருக்கிறவங்க வயலுன்னு சொல்லலையே" என்று ஏஜெண்டைக் கேட்டாள். அவர் காப்பி டம்ளரைக் குனிந்து பார்த்தார். "நாங்களும் வேர்வை சிந்துறவங்கதான். இதை அறுக்க மாட்டோம்" என்று அவளே முடித்தாள்.

மழை விட்டதும் ஏஜெண்டு எழுந்திருக்கப் பார்த்தார். கால் தரைக்கு எட்டவில்லை. முன்னுக்கு வந்தால் வலையும் கூடவே வந்தது. சண்டைக்கு வந்தவரைக் கடைசியில் மாமனார் ஒரு கையும் என் கணவர் ஒரு கையும் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்கள். அந்தப் பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்கள். ஏஜெண்டுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வெயில் அடித்து ஈரம் காய்ந்ததும், எங்கள் ஊர் ஆட்களை வைத்து நாங்களே அறுத்தோம். கோடையில் தாலுகா ஆபீசில் விசாரணை நடந்தது. நிலத்தில் யார் இருக்கிறார்கள் என்று அதிகாரி ஏஜெண்டைக் கேட்டார். மிராசுதாரின் வக்கீல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏஜெண்டு தொண்டையைச் செருமினார். "அவங்கதாங்க இருக்காங்க. நானே போய் ஒக்காந்து காப்பி குடிச்சிட்டு வந்தேங்க. இல்லேன்னு எப்படிங்க சொல்றது?"

மாமனார் பெயர் பதிவாகிவிட்டது. ஏஜெண்டுக்கு அதற்குப் பிறகு மிராசுதாரிடம் வேலை நிலைக்கவில்லை. மன்னார்குடியில் உரக்கடை வைத்தார். சாகும்வரை மாமனார் அவர் கடையில்தான் உரம் வாங்கினார், வேறு கடையில் விலை குறைவாக இருந்தாலும்கூட.