கேரவனின் மடக்குப் படி

வானகரத்தில் வண்டிகளுக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் மின்வேலைகளைச் சோதித்துக் கையெழுத்திடுவது என் வேலை. போன வாரம் ஒரு புதுக் கேரவன் வந்தது. கண்ணாடி விளக்குகள், ஏசி, தண்ணீர் மோட்டார், வாசல் படி என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனேன். எனக்கு எதிலும் வரிசை வேண்டும். வெங்காயம் வாங்கப் போனால்கூடப் பட்டியல் எழுதுகிறேன் என்று அம்மா கேலி செய்வாள். படிக்கு வந்தபோது புது ரெக்சின் வாசனை முகத்தில் அடித்தது. நின்றுவிட்டேன்.

என் சின்ன வயதில் அப்பா கேரவன் ஓட்டினார். சினிமாக்காரர்கள் ஓய்வெடுக்கும் வண்டி. படப்பிடிப்பு இல்லாத நாட்களில் சொந்தமாக டீசல் போட்டு எடுத்துக்கொள்ள முதலாளி விடுவார். வடபழனியில் ஒற்றை அறையில் குடியிருந்த நாங்கள், பொங்கலுக்கும் விசேஷங்களுக்கும் அதில் ஏறி அப்பாவின் சொந்த ஊரான பருத்திப்பட்டுக்குப் போவோம். அப்பாவுக்கு ஐந்து அண்ணன்கள், ஒரே மனையில் ஐந்து வீடுகள். முதல் சோறு எந்த வீட்டில் என்பதுதான் பெரிய சிக்கல். ஒன்றில் கை நனைத்தால் மற்ற நான்கிலும் முகம் வாடும். அதனால் அப்பா வண்டியை நடுவில் வேப்பமரத்தடியில் நிறுத்திவிடுவார். சாப்பாடும் தூக்கமும் அதற்குள்தான். ஐந்து வீட்டுக் குழம்பும் தேடி வரும். கொண்டுவரும் பெரியம்மாக்கள், பல்புகள் சூழ்ந்த கண்ணாடியில் முகம் பார்க்காமல் இறங்கமாட்டார்கள். "இந்த வெளிச்சத்துல நான்கூட அழகா கீறேன்டி" என்பாள் ஒருத்தி. பிறகு எந்த நடிகைக்கு எங்கள் கருவாட்டுக் குழம்பு மணத்ததோ, தெரியாது.

மூத்தவர் ஏழுமலைப் பெரியப்பாவும் அடுத்தவர் கன்னியப்பன் பெரியப்பாவும் மட்டும் பேசிக்கொள்வதில்லை. இரு வீட்டுக்கும் இடையில் தம்பி எழுப்பிய சுவர் தன் பக்கம் தள்ளி வந்துவிட்டதென்று மூத்தவருக்குக் கோபம். இனித் தம்பி வீட்டுப் படியை மிதிப்பதில்லை என்று எல்லோர் முன்பும் சொல்லிவிட்டார்.

கன்னியப்பன் பெரியப்பாவின் மகள் தேவி அக்காவுக்கு நிச்சயம் வந்தது. எங்கள் வழக்கப்படி தாம்பூலத் தட்டை குடும்பத்தின் மூத்த ஆண்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். திருநின்றவூரிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் அதைத்தான் கேட்டார். "பக்கத்து ஊட்ல மூத்தவரு கீறாரு, தட்டு மாத்த வரலன்னா இன்னா அர்த்தம்? நாங்க இன்னொரு நாள் வர்றோம்" என்று எழுந்துவிட்டார். இன்னொரு நாள் என்றால் வரமாட்டார்கள் என்பது சிறுமியான எனக்கே புரிந்தது. கேரவன் கண்ணாடி முன்னால்தான் தேவி அக்காவுக்கு அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. மை கரையக்கூடாதென்று மேலே பார்த்தபடியே அழுதாள்.

அப்பா, கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி, மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களையும் கன்னியப்பன் பெரியப்பாவையும் தட்டோடு வண்டிக்குள் ஏற்றினார். பிறகு மூத்தவரைப் போய் அழைத்து வந்தார்.

"உன்ன யாரு அவரு ஊட்டுக்குக் கூப்ட்டா? என் வண்டிக்கு வாண்ணே."

ஏழுமலைப் பெரியப்பா கதவுக்குக் கீழே இருந்த இரும்புப் படியைப் பார்த்தார். "உள்ள அவன் குந்திகினு கீறான். அவன் கீற எடத்துப் படி ஏற மாட்டேன். சொன்னா சொன்னதுதான்."

அப்பா குனிந்து படியை மடக்கி உள்ளே தள்ளினார். "இப்ப இன்னா சொல்ற? படியே இல்ல."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காலைத் தூக்கினார். முட்டிவலிக்காரர், கனத்த உடம்பு. வண்டியின் தரை அவர் இடுப்புக்கு இருந்தது. கால் எட்டவில்லை. மறுபடி தூக்கினார். அப்போது கதவுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. கன்னியப்பன் பெரியப்பாவின் கை.

"புடிச்சிக்கோ. உழுந்து கிழுந்து வெக்கப்போற."

மூத்தவர் அந்தக் கையைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் பிடித்தார். அப்பா பின்னாலிருந்து தள்ளினார். ஏறி நின்று மூச்சு வாங்கிய பிறகும் அவர் கையை விடவில்லை.

"இன்னாடா, கை இப்டி சில்லுனு கீது?"

"ஏசிண்ணே."

தட்டு மாறியது.

சுவர் அப்படியேதான் இருந்தது. ஏழுமலைப் பெரியப்பா சொன்ன சொல்லையும் மாற்றவில்லை; தம்பி வீட்டுப் படியை மிதிக்கவேயில்லை. ஆனால் நாங்கள் போகும்போதெல்லாம் இருவரும் கேரவனில் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்தார்கள். அதிகம் பேசியதில்லை. மூத்தவர் வருவதைப் பார்த்தால் அப்பா படியை மடக்கிவிடுவார்.

பிறகு முதலாளி வண்டியை விற்றுவிட்டார். அப்பா வாடகைக் கார் ஓட்டப் போனார். அதன்பின் இருவரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. முதலில் ஏழுமலைப் பெரியப்பா போனார். அன்று கன்னியப்பன் பெரியப்பா அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்து, எடுக்கும்வரை அந்தக் கையைப் பிடித்திருந்தார். அவரும் வெகுநாள் இருக்கவில்லை. ஐந்து வீடுகளும் வேப்பமரமும் அந்தச் சுவரும் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. பார்க்கப் போனால் காவலாளி எந்த வீடு என்று கேட்கிறார்.

இந்தப் புதுக் கேரவனில் படியைக் கையால் மடக்க முடியாது. கதவைத் திறந்தால் மோட்டார் முனகி, படி தானாக வெளியே வந்து நிற்கிறது. சரியாக வேலை செய்கிறது என்று குறித்துக்கொண்டு ஏறிப் பார்த்தேன். யாரும் கை கொடுக்க வேண்டியிருக்கவில்லை.