செல்வநாயகமும் மூன்றாவது இன்ஜெக்டரும்

"செல்வநாயகம் சார் இன்று காலை காலமானார்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர் குழுவில் சென்ற வருடம்தான், உயிரோடு இருக்கும் தலைமையாசிரியர் ஒருவருக்குக் கண்ணீர் அஞ்சலி போட்டார்கள். அவரே அதற்கு நன்றி தெரிவித்தார். அதனால் நேராகச் செல்வநாயகத்தின் எண்ணுக்கே போன் செய்தேன். மகள் எடுத்தாள். "உண்மைதான் அங்கிள். அப்பாவா இருந்தாலும் இப்படித்தான் போன் பண்ணிப் பார்த்திருப்பாரு" என்றாள்.

அவரிடம் வண்டி விட்டவர்களுக்கு அது தெரியும். தொழிற்பயிற்சி நிலையத்தில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்று, பட்டாபிராமில் வீட்டை ஒட்டி ஒரு மெக்கானிக் ஷெட் போட்டிருந்தார். வண்டியின் கோளாறை ஒரு கோடு எண்ணாகக் காட்டும் ஸ்கேனர் கையில் வைத்திருந்தார். ஆனால் ஸ்கேனர் சொல்வதை அவர் நம்பியதில்லை. "கோடு எங்க வலிக்குதுன்னுதான் சொல்லும் வாத்தியாரே. ஏன் வலிக்குதுன்னு சொல்லாது" என்பார்.

மூன்று வருடங்களுக்கு முன், சேக்காட்டில் ஒரு தனியார் பள்ளியின் வேன்களை நான் மேற்பார்வை பார்த்துவந்தேன். நாற்பது வருடம் பௌதிகம் சொல்லிக் கொடுத்தவனுக்கு ஓய்வில் கிடைத்த வேலை. ஒரு வேன் காலையில் உதறத் தொடங்கியது. கொஞ்சம் சூடேறினால் சரியாகிவிடும். டாஷ்போர்டில் என்ஜின் விளக்கு எரிந்தது. பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் காட்டினோம். மூன்றாவது சிலிண்டருக்கு டீசலைப் பீச்சும் இன்ஜெக்டருக்குக் கோடு வருகிறது, கலப்பட டீசலாக இருக்கும், நான்கு இன்ஜெக்டர்களையும் மாற்ற வேண்டும் என்றார்கள்.

டீசல் போடுகிறவர் ஓட்டுநர் குமரேசன். பதினோரு வருடமாக அந்தப் பள்ளியில் இருப்பவர். எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு நோட்டில் அவர் டீசல் போட்ட நாள்களையும் மறுநாள் காலை வண்டி உதறியதையும் எழுதிவந்தேன். எல்லாம் பொருந்தியது. தாளாளர் அவரை ஒரு வாரம் வரவேண்டாம் என்று நிறுத்திவிட்டு, வேறு மெக்கானிக் ஒருவரும் டீசல்தான் காரணம் என்று எழுதிக் கொடுத்தால் வேலையைவிட்டு அனுப்பிவிடலாம் என்றார். வேறு ஓட்டுநரை வைத்து வேனைப் பட்டாபிராமுக்குக் கொண்டுபோனேன்.

"நம்ம குமரேசன் வண்டியா? அவன் ஊடு எதிர்லதான் கீது" என்றார் செல்வநாயகம். எனக்குச் சுருக்கென்றது. ஒரே தெருக்காரர்கள், எனக்குச் சாதகமாக இவர் எங்கே எழுதித் தரப்போகிறார்? என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "என்னையும் சந்தேகப்படுறியா? படு. தப்பே இல்ல. குந்தி, நான் செய்யறத கண்ணால பாரு."

நோட்டைக் கொடுத்தேன். மெதுவாகப் புரட்டினார்.

"டீசல் போடாத நாளுக்கு அடுத்த நாள் காலைல எப்படி இருந்துது?"

"அதை எழுதலையே."

"இன்னா வாத்தியாரே நீ! பசங்களுக்கு லேப்ல இப்படித்தான் மார்க் போட்டியா?" என்று சிரித்தார். பிறகு, "டீசல் கெட்டதுன்னா நாலுந்தான குடிச்சிருக்கும்? மூணாவது மட்டும் ஏன் வாந்தி எடுக்கணும்?" என்றார்.

இரண்டாவது இன்ஜெக்டரையும் மூன்றாவதையும் கழற்றி இடம் மாற்றிப் பூட்டினார். அவற்றின் மேல் பொறித்திருந்த எண்களை மாறிய இடத்துக்கு ஏற்ப வண்டியின் கம்ப்யூட்டரில் பதிந்தார். வகுப்பில் மூன்றாவது பெஞ்சிலிருந்து சத்தம் வந்தால், நான் அங்கிருக்கும் பையனை முன்னால் மாற்றி உட்காரவைப்பேன். சத்தம் அவனோடு போனால் குற்றம் அவனுடையது. பழைய இடத்திலேயே இருந்தால் அவன் பாவம். அதே கணக்குதான் இது.

கோடு மறுபடி வந்தது. மூன்றாவது சிலிண்டரிலேயே வந்தது. இன்ஜெக்டர் குற்றவாளி இல்லை.

அதன்பின் அந்த இடத்து ஒயர் சாக்கெட்டைப் பிரித்தார். உள்ளே செம்புப் பின் பச்சை பூத்திருந்தது. உடனே அதையும் நம்பிவிடவில்லை. சுத்தம் செய்து பூட்டி, வண்டியை ஓடவிட்டார், சீராக ஓடியது. ஸ்பிரே பாட்டிலால் சாக்கெட்டின் மேல் கொஞ்சம் தண்ணீர் அடித்தார். வேன் உதறியது. காலைப் பனி ஈரத்திலும் இப்படித்தான் உதறியிருக்கிறது.

"எப்பனா என்ஜினுக்குத் தண்ணி அடிச்சீங்களா?"

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் வாட்டர் சர்வீஸில், "என்ஜினுக்கு மட்டும் வேணாம் சார்" என்று சொல்லிவிட்டுக் குமரேசன் பூசணிக்காய் வாங்கப் போயிருந்தார். பூஜைக்கு உள்ளும் புறமும் பளிச்சென்று இருக்கட்டுமே என்று, நான்தான் பானெட்டைத் திறந்து பைப்பை உள்ளே பிடிக்கச் சொன்னேன். செல்வநாயகத்திடம் அதைச் சொல்லி முடித்தபோது, அவர் சிரிக்கவில்லை.

"குமரேசன்கிட்ட நான் எப்படிச் சொல்றது?" என்றேன்.

"நான் சொல்லிக்கிறேன். நீ தாளாளர்கிட்ட போய் அவனை நாளைக்கே வேலைக்குக் கூப்பிடச் சொல்லு."

தாளாளரிடம் உண்மையைச் சொன்னேன். குமரேசன் மறுநாள் வந்தார். வழக்கம்போல் வணக்கம் சொன்னார். அந்த வணக்கத்தையும் நான் சந்தேகப்பட்டேன். ஓட்டுநர்கள் டீ குடித்துக்கொண்டு சிரித்தால் என்னைப் பற்றித்தான் என்று எண்ணினேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. இப்படியே மூன்று வருடம் ஓடிவிட்டது.

செல்வநாயகத்தின் வீட்டு வாசலில் பந்தலுக்குள் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார் குமரேசன். இனியும் தள்ளிப்போட முடியாது என்று பக்கத்தில் போனேன்.

"குமரேசன், அந்த ஒயர் விஷயத்துல நான் உங்ககிட்ட மன்னிப்பே கேக்கல."

"எந்த ஒயரு சார்?"

"இன்ஜெக்டர் ஒயர். உங்களை நிறுத்தி வச்சோமே."

"அத்த எலி கடிச்சதுக்கு நீங்க இன்னா சார் பண்ணுவீங்க? செல்வநாயகம் அண்ணாத்தே அன்னிக்கே சொன்னாரே, எலி வேலைன்னு."

எலியே இல்லை என்றேன். பிறகு பைப், பானெட், பூசணிக்காய் எல்லாவற்றையும் சொன்னேன். குமரேசன் நாற்காலியைப் பிடித்தபடியே நின்றார். செல்வநாயகத்தின் உடல் இருந்த கண்ணாடிப் பெட்டியை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார்.

"வேணாம்னு சொல்லிட்டுத்தான சார் போனேன்?"

"ஆமாம்."

கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார். அப்புறம், "மூணு வருசமா வேன் ஷெட்டுல பொறி வச்சுகினு கீறேன் சார். தினம் ஒரு மசால் வடை. ஒரு எலி மாட்டல. சேக்காட்டு எலிங்க இவ்ளோ உஷாரான்னு அண்ணாத்தேகிட்டயே கேட்டேன். வடையை மாத்திப் பாருன்னாரு" என்றார். சாவு வீடு என்பதையும் மறந்து இருவரும் சிரித்துவிட்டோம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

சோதித்துப் பார்க்காத எதையும் செல்வநாயகம் சொன்னதில்லை என்று அன்று பந்தலில் பலர் பேசினார்கள். என் பொருட்டு ஒரு முறை, அந்த எலிக் கதையைச் சொன்னார். அது எனக்குத் தெரியக்கூட வேண்டாம் என்று விட்டிருந்தார்.

மறுநாள் குமரேசனிடம் கேட்டு அந்த எலிப்பொறியை வாங்கிவந்தேன். புத்தக அலமாரியின் மேல் வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் எலித் தொல்லையா என்று கேட்கிறார்கள். இல்லை என்கிறேன். பின்னே எதற்கு என்று கேட்டால், உட்காரச் சொல்லிவிட்டுச் செல்வநாயகத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறேன்.