அமோனியாப் புகைக்குள் ஒரு கை

பேய், ஆவி என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள் நான். இதைக் கேட்டுவிட்டு நீங்களும் எழும்பிப் போகலாம், குறை நினைக்க மாட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

தொண்டைமானாற்றுக்குக் கிட்ட ஒரு தொழிற்சாலையில் இறால் துப்புரவாக்கி உறையவைக்கும் வேலை எனக்கு. குளிரூட்டும் இயந்திரம் அமோனியா வாயுவில் ஓடுவது. குழாய் எங்கோ கசிகிறது, கண் எரிகிறது என்று பலமுறை சொல்லிப் பார்த்தோம். முகமூடிகள் இருந்தன, ஆனால் மேலாளரின் அறையில், பூட்டிய அலுமாரிக்குள்.

அன்று மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். உள்ளே நானும், என்னைவிட இளையவளான வசந்தியும் மட்டும், அவள் மேசையின் மறுதலைப்பில் நின்றாள். திடீரென்று ஏதோ வெடித்த சத்தம், ஒரே வெள்ளைப் புகை, தொண்டைக்குள் நெருப்பை ஊற்றியதுபோல் இருந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை, வாசல் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை, இதோடு சரி என்று குந்திவிட்டேன். அப்போது ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

"அக்கா, கண்ணைத் திறவாதேங்கோ. என்னோடை வாங்கோ."

வசந்தியின் குரல்தான், சத்தியமாக. இழுத்த இழுப்புக்குப் போய், கடற்பக்க வாசலால் வெளியே வந்து மணலில் விழுந்தேன். யார் யாரோ வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து என் கண்ணைக் கழுவினார்கள். வசந்தி எங்கே என்று கேட்டால், அவள் றோட்டுப் பக்க வாசலில் கிடக்கிறாளாம்.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்து அவள் சொன்னாள்:

"நீங்கள் இல்லாட்டி நான் செத்திருப்பன் அக்கா."

"நான் என்ன செய்தனான்? நீதானேயடி என்னை இழுத்துக்கொண்டு வந்தனீ."

"இல்லை அக்கா. 'வசந்தி, கண்ணைத் திறவாதை, என்னோடை வா' எண்டு நீங்கள்தான் என்ரை கையைப் பிடிச்சனீங்கள்."

இரண்டு வாசல்களும் எதிரெதிர்ச் சுவர்களில். வேறு ஒருவரும் உள்ளே போகவில்லை, எல்லாரையும் கேட்டாயிற்று. வாயு மூளையைக் குழப்பியிருக்கும் என்றார் டொக்டர். இருக்கலாம்.

குழாயை மாற்றி, முகமூடிகளை இரு வாசலிலும் கொழுவும்வரை உள்ளே கால் வைக்கமாட்டோம் என்று நாங்கள் அத்தனை பேரும் வெளியே இருந்துவிட்டோம். செய்து தந்தார்கள்.

திரும்ப வேலைக்குப் போன பிறகு ஒருநாள், இறப்பர்க் கையுறையை மாட்டிக்கொண்டே வசந்தி மெல்லக் கேட்டாள்:

"அண்டைக்கு எங்கள் ரெண்டு பேரின்ரை கையிலையும் இது கிடந்ததெல்லே?"

"ஓம்."

"உங்களைப் பிடிச்ச கையிலை?"

அந்த விரல்களில் இறப்பர் இல்லை. வெறும் தோல், நல்ல சூடு. நாள் முழுக்க ஐசுக்குள் கையை வைத்திருக்கிற எங்கள் இருவருக்கும் அப்படியொரு சூடான கை ஒருநாளும் இருந்ததில்லை.